எட்டாம் நம்பர் பிரஷ்

"புள்ளைக்காம்மா? எத்தினாவது படிக்குது?"

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பேப்பர் கடை வைத்திருந்த காசிநாதன், பதிலுக்குக் காத்திராமல் கலர் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் கிளிப் படம் போட்டிருந்தது.

"புள்ளைக்கு இல்ல. வூட்டுக்காரருக்கு" என்றாள் விஜயகுமாரி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐப்பசி மழையில் பாதி நனைந்த நூல் புடவை, தோளில் மாட்டுத் தீவனச் சாக்கில் தைத்த பை.

"போர்டு எழுதறவரா? அதுக்கு எனாமல் பெயிண்ட்டு இல்ல வாங்கணும்?"

"வேன் ஓட்டறவரு. வாதம் வந்து சோத்துக் கை வெளங்காம கீது. ஆஸ்பத்திரில தண்ணிக் கலரு போடச் சொல்லிகீறாங்கோ."

இப்படி ஒரு வைத்தியத்தை காசிநாதன் கேள்விப்பட்டதில்லை. யாரோ இவளை ஏமாற்றுகிறார்கள், அல்லது இவள் எதையோ மறைக்கிறாள் என்று அவர் முகத்தில் ஓடியது. அவளுக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. தெரியாதவள் என்று கண்டதைத் தலையில் கட்டிவிடுவார் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்துக்கொண்டுதான் வந்தாள்.

பொத்தேரிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கும் ஜெஸ்ஸி என்ற பெண்தான் இதைச் சொன்னவள். முதலில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். செங்கல்வராயன், "நான் இன்னா கொயந்தையா?" என்று இடது கையால் பந்தைச் சுவரில் அடித்தான். பேனாவைக் கொடுத்தார்கள். பேனாவை அழுத்த அவன் விரலுக்குத் தெம்பில்லை. அப்போதுதான் ஜெஸ்ஸி, "பிரஷ்ஷுக்கு அழுத்தமே வேணாம்மா. தண்ணியில தொட்டு பேப்பர்மேல சும்மா வெச்சாலே கலர் ஓடும். தன் கையால ஒண்ணு நடக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள். அவளே விடுமுறை நாட்களில் படம் போடுகிறவள். என்ன வாங்க வேண்டும் என்பதை விஜயகுமாரியைத் திருப்பிச் சொல்ல வைத்து அனுப்பியிருந்தாள்.

"இருவத்தி நாலு கலரு கீது இதுல" என்று காசிநாதன் பெரிய டப்பா ஒன்றைத் தள்ளினார்.

"அத்தினி வேணாம். பன்னெண்டு போதும். நெறைய இருந்தா கலக்கவே மாட்டாங்களாம். கலக்கறதுதான் கைக்கு வேலையாம்."

"டியூப்பா குடுக்கட்டுமா? நல்லா ஓடும்."

"மூடி தொறக்கறதுக்குள்ள அவருக்குக் கோவம் வந்துரும். வில்லையா குடு."

பேப்பரில்தான் வெகுநேரம் ஆயிற்று. அவர் கொடுத்த டிராயிங் நோட்டின் ஓரத்தை நாக்கில் தொட்ட விரலால் தேய்த்தாள். பேப்பர் திரிதிரியாய் உரிந்து வந்தது. "இது தண்ணி தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் முனகிக்கொண்டே ஏணிமேல் ஏறி, காலேஜ் பிள்ளைகள் வாங்கும் கெட்டிப் பேப்பரை இறக்கினார். தோசையின் மேற்புறம் மாதிரி அது லேசாகச் சொரசொரவென்று இருந்தது. விரலை எத்தனை தேய்த்தும் உரியவில்லை.

எட்டாம் நம்பர் உருண்டை பிரஷ் கேட்டாள். அதோடு ஒரு டம்ளர் தண்ணீரும் கேட்டாள். நனைத்து உதறியதும் முதல் பிரஷ் பாம்பு நாக்கு போல ரெண்டாகப் பிரிந்தது. அடுத்ததில் மயிர் கொட்டியது. மூன்றாவது, ஊசி முனையாகக் கூடி நின்றது. அதை எடுத்துக்கொண்டாள்.

"தட்டு?" என்றார் காசிநாதன். "கலர் கலக்கற தட்டு?"

"வூட்ல வெள்ளப் பீங்கான் தட்டு கீது. பரீட்ச அட்ட ஒண்ணு, பேப்பர் ஒட்டறதுக்கு டேப்பு ஒண்ணு குடு, போதும்."

மழைக்காக அவர் எல்லாவற்றையும் பாலிதீனில் சுற்றிக் கொடுத்தார். பெரிய, தட்டையான பொட்டலம். பஸ்ஸில் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

*

கட்டிலில் கிடந்தபடி செங்கல்வராயன் முதலில் பார்த்தது அந்தப் பொட்டலத்தைத்தான். முத்திரைத்தாளை மடங்காமல் கொண்டுவரும்போது அப்படித்தான் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

பூஞ்சேரிக் கூட்டு ரோட்டுக்கு மேற்கே உள்ளே தள்ளிய ஊர். வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது அவனுடைய வேன். மாமல்லபுரம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு முட்டுக்காடு, காஞ்சிபுரம் என்று ஓடிய வண்டி. சித்திரையில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போனவன் அப்படியே சரிந்தான். பேச்சும் காலும் சீக்கிரமே திரும்பின. கை வரவில்லை.

வேன் நின்றபிறகு ரெண்டு கறவை மாடுதான் குடும்பத்தை ஓட்டியது. கடற்கரை ரோட்டை ஒட்டி அவன் அப்பா வைத்துவிட்டுப் போன சவுக்குத் தோப்பு ஒன்று இருந்தது. அந்த 2006-ல் அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவன் எவனும் நிம்மதியாகத் தூங்கவில்லை. சென்னையிலிருந்து கார் காராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை அழைத்து வந்தவர்களில் விஜயகுமாரியின் தம்பி ஹரிஹரனும் ஒருவன். செங்கல்வராயன் விழுந்த அன்று தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு பொத்தேரிக்குப் பறந்தவனும் அவன்தான். அந்த நன்றியே செங்கல்வராயனுக்குப் பெரிய பாரமாக இருந்தது. சும்மா எதையும் செய்கிறவன் இல்லை அரி.

"இன்னாத்த அப்டி கட்டிபுடிச்சினு வர்ற?"

"தோ பாரேன்" என்று அவள் பிரித்துப் பரப்பினாள். பேப்பர், வில்லைகள், பிரஷ்.

"இதுக்குத்தான் செங்கல்பட்டு போனியா?"

"வேற எதுக்குப் போவாங்க?"

செங்கல்பட்டில் பேப்பர் கடை மட்டுமா இருக்கிறது, ரிஜிஸ்தர் ஆபீசும் இருக்கிறது என்று நினைத்தான்.

அடுத்த வாரம் ஜெஸ்ஸி மாமல்லபுரத்து மருத்துவ முகாமுக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி பிரஷ்ஷின் பிடியில் சுற்றி, விரல் வழுக்காதபடி பருமனாக்கினாள். ரெண்டு டம்ளரில் தண்ணீர் வைக்கச் சொன்னாள். ஒன்று கழுவ, ஒன்று தொட. பேப்பரின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி அட்டையில் பொருத்தினாள்.

"படமெல்லாம் வேணாம் அங்கிள். முதல்ல வளைவு. இப்படி மேலேர்ந்து சுத்தி வந்து, கீழ ஒரு சுழி."

அவள் போட்டுக் காட்டிய சுழியை செங்கல்வராயன் உற்றுப் பார்த்தான். கொம்பு. 'செ'வின் கொம்பு. அவன் கையெழுத்து அதில்தான் தொடங்கும்.

"உன்ன யாரும்மா இங்க அனுப்சது?" என்று கேட்டான்.

"யாரும் அனுப்பல. ஏன்?"

"அரி அனுப்சானா?"

ஜெஸ்ஸி புரியாமல் விஜயகுமாரியைப் பார்த்தாள். விஜயகுமாரி, "அவரு கெடக்கறாரு, நீ சொல்லும்மா" என்றாள். அந்த அவசரமும் அவனுக்குச் சரியாகப் படவில்லை.

*

மழை விட்டுவிட்டுப் பெய்தது. காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, கேவுரு கூழும் சென்னாகுன்னி என்னும் பொடி இறால் துவையலுமாக அவனுக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, விஜயகுமாரி எதிரே உட்காருவாள். எண்ணெய் போட்டு அவன் விரல் ஒவ்வொன்றையும் உருவிவிடுவாள். பிறகு பிரஷ்ஷை அவன் கையில் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்து, பழுப்புக் கலரில் வளைவுகள் இழுப்பாள். ஈரக் காற்றில் பேப்பர் காயாது. துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். பாவாடை, துண்டுகளுக்கு நடுவே வரிசையாக 'செ', 'செ', 'செ' என்று அவை தொங்குவதுபோல் செங்கல்வராயனுக்குத் தோன்றும்.

ஒருநாள் ஹரிஹரன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். கொடியில் தொங்கியவற்றைப் பார்த்துவிட்டு, "கை நல்லா சுத்துதே மாமா! சீக்கிரம் ஆய்ரும்" என்றான்.

"இன்னா ஆய்ரும்?"

"சொகம்தான். வேற இன்னா?"

சிரித்துவிட்டு அக்காவைத் தேடி மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போனான். நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான். செங்கல்வராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். மழைச் சத்தத்தில் முழுசாக விழவில்லை.

"...இன்னும் எத்தினி நாளுக்கா சொல்லிகினு இருப்ப? பார்ட்டி வேற எடம் பாக்கறான்..."

"கை வரட்டும் அரி. அதுவரிக்கும் வாயத் தொறக்காத."

அவ்வளவுதான். அவன் தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. சந்தேகப்பட்டது உண்மையாகும்போது வரும் ஒரு கேவலமான திருப்தி அவன் நெஞ்சில் பரவியது. அப்புறம்தான் வலித்தது. இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள்.

அன்று முதல் அவன் கையைப் பிணம்போல் வைத்துக்கொண்டான். அவள் பிடித்து இழுத்தால் இழுத்த பக்கம் போகும். விட்டால் விழும்.

ஆனால் கை அப்படி இல்லை. ஒரு மாலை அவள் சொசைட்டிக்குப் போயிருந்தபோது, விரலை ஆட்டிப் பார்த்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக நெருங்கி பிரஷ்ஷைப் பிடித்தன. உடனே வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை.

நீல வில்லையில் தொட்டான். பேப்பரின் உச்சியில் ஒரு பட்டை இழுத்தான். கோணலாக வந்தது. அதன் கீழ் ஓரத்தில் திரண்ட தண்ணீரை இன்னொரு இழுப்பில் இறக்கினான், இன்னும் ஒன்று. இறங்க இறங்க நீலம் தானாக வெளுத்தது. மழைக்கு முந்தைய வானம் மாதிரி இருந்தது. அவன் கை செய்தது. 'செ' இல்லை, கொம்பு இல்லை. யாரும் சொல்லிச் செய்ததும் இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கசக்கி வெந்நீர் அடுப்பில் போட்டான்.

அதன்பின் அவள் இல்லாத நேரமெல்லாம் இதே வேலை.

விஜயகுமாரிக்கும் ஏதோ பட்டது. ரெண்டு பேரும் சேர்ந்து போடும்போது பழுப்பைத்தான் தொடுவார்கள். ஆனால் நீல வில்லை நடுவில் குழிந்திருந்தது. கழுவி வைத்த பிரஷ் ஈரமாக இருந்தது. அதன் முனை விரலால் நீவிக் கூர்மையாக்கப்பட்டிருந்தது. அவள் அப்படி நீவுவதில்லை. வீட்டுக்காரர் கை துணிபோலத் தொங்குகிறது. அப்போது யார்?

அவளுக்கு ஒரே ஒருவன் பெயர்தான் வந்தது.

"அரி வந்தானா?" என்று கேட்டாள்.

"ஏன், வரேன்னு சொன்னானா?"

"இல்ல, கேட்டேன். நான் இல்லாத நேரத்துல அவன் வந்து எதுலயாவது கையெ வெக்கச் சொன்னா வெக்காத. சொல்லிட்டேன்."

உன்னைக் கேட்காமல் வைக்கக் கூடாது, அப்படித்தானே என்று அவன் உள்ளுக்குள் சிரித்தான். "செத்த கை. அதுல இன்னாத்த வெக்கறது?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவன் விரல்களை உருவ ஆரம்பித்தாள். தேய்க்கத் தேய்க்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கையில் சொட்டு விழுந்தது. சூடாக இருந்தது. அவனுடைய விரல் மடங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நீட்டியே வைத்திருந்தான்.

*

மழை வெறித்த ஒரு காலையில் ஹரிஹரனின் கார் வாசலில் வந்து நின்றது. விஜயகுமாரி அப்போதுதான் பால் ஊற்றிவிட்டுக் கேனோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு அவன் உள்ளே போய்க் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து காகிதங்களை எடுத்தான். அதோடு, ஒரு சின்ன வட்ட டப்பா.

"மாமா, நேரா சொல்லிட்றேன். பார்ட்டி நாளைக்கு வேற எடத்துக்கு அட்வான்ஸ் குடுக்கறான். இன்னிக்கு அக்ரிமெண்ட் போடலன்னா பூட்ச்சி. நல்ல ரேட்டு. உனுக்கும் வைத்தியம் பாக்கலாம், அக்காவும் சாணி அள்ளிகினு கெடக்க வேணாம்."

"அரி, எய்ந்து போ" என்றாள் விஜயகுமாரி வாசற்படியிலிருந்து.

செங்கல்வராயன் அவளைக் கவனிக்கவில்லை. அதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்தான். "என் கை இன்னும் வரலயேடா. கையெழுத்து வர்றதுக்குத்தான அக்காளும் தம்பியும் கலரு டப்பா வாங்கியாந்து பாடம் நடத்தறீங்க?"

ஹரிஹரன் அவனை வெறித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"கையெழுத்தா? யாருக்கு வேணும் உன் கையெழுத்து? கைநாட்டு போதும் மாமா. தோ இந்த மைய தொட்டு கட்டவெரல வெச்சா முடிஞ்சிது. இதுக்குப் போயி யாராவது படம் வரையக் கத்துக் குடுப்பாங்களா?"

"அப்போ..." என்றான் செங்கல்வராயன்.

"அத்த உன் பொண்டாட்டிய கேளு. நீ ஆஸ்பத்திரில நெனவு இல்லாம கெடந்தப்பவே நான் இந்த மை பேடு கொண்டாந்துட்டேன். ஒரு நிமிஷ வேல. அக்கா வுடலியே! உன் கைய இத்தோட முந்தானில சுத்தி, மடியில வெச்சிகினு குந்தினு இருந்துது. மூத்திரம் பேயக் கூட எய்ந்து போவல. நானும் வெளிய நின்னுகினு இருந்தேன், இது எய்ந்திருக்கவே இல்ல. அப்புறம் கேட்டா, கை வரட்டும், அவரு வேணும்னா வேணும்னு எழுதுவாரு, வேணான்னா வேணான்னு எழுதுவாரு, அவரு நெலம்னுது. இன்னிக்கு வரிக்கும் அதேதான் சொல்லிகினு கீது."

செங்கல்வராயன் வாசற்படிப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டான் செங்கல்வராயன்.

"கூடப் பொறந்தவன். உனுக்குக் கை வந்தா அவன வெட்டுவ. எப்டி சொல்லுவேன்?"

ஹரிஹரன் பொறுமை இழந்தவனாக மை டப்பாவைத் திறந்து, கட்டிலில் கிடந்த வலது கையை நோக்கிக் குனிந்தான். "ஆனது ஆச்சி. இப்போ நீயே சொல்லு மாமா. வெச்சிடலாமா?"

அவன் விரல் படும் முன்பே செங்கல்வராயனின் வலது கை எழுந்தது. டப்பாவைத் தட்டிவிட்டது. அது உருண்டு சுவரோரம் போய்க் கவிழ்ந்தது. அடுத்து அந்தக் கை காகிதங்களைப் பிடித்தது. நடுங்கியது, ஆனால் பிடித்தது. சுருட்டி ஹரிஹரனின் மடியில் போட்டது.

"தோப்பு விக்கறதில்ல. நீ கெளம்பு."

ஹரிஹரன் கையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். காகிதங்களை நீவி எடுத்துக்கொண்டு போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

செங்கல்வராயன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் சந்தோஷப்படுவாள் என்று ஒரு கணம் நினைத்தான். அவள் பால் கேனைக் கீழே வைக்கக்கூட இல்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்போலேர்ந்து?"

"விஜயா..."

"எப்போலேர்ந்து வருது கை?"

"கொஞ்ச நாளா."

"நீலக் கலரு நீதானா?"

அவன் தலையசைத்தான்.

அவள் கேனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "என்னிய சந்தேகப்பட்டியே, அது கூட போவட்டும். எங்க வூட்டு ஆளு அப்டி. ஆனா அன்னிக்கி உன் கைய புடிச்சிகினு அய்துகினே தேச்சி வுட்டேனே. அப்போ கூட கைய நீட்டினு சும்மாதான் இருந்தியாயா?"

கொடியில் தொங்கிய பழுப்பு வளைவுகள் காற்றில் ஆடின.

*

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. சோறு வந்தது, கருவாட்டுக் கொழம்பு வந்தது, எண்ணெய்க் கிண்ணம் மட்டும் வரவில்லை. அவனே தேய்த்துக்கொண்டான். மாடு கத்தினால் அவள் போனாள். அவன் கூப்பிட்டால் ஒரு முறைக்கு ரெண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஜெஸ்ஸி மறுபடி வந்தபோது தன் ரெண்டு விரலை நீட்டி அமுக்கச் சொன்னாள். அமுக்கியதும் கண்ணை விரித்தாள். "அடடா, எவ்ளோ முன்னேற்றம்! எப்பலேர்ந்தும்மா?"

"எனுக்குத் தெரியாது. அவர கேளு" என்று விஜயகுமாரி எழுந்து உள்ளே போனாள்.

ஜெஸ்ஸி சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். கிளம்பும்போது, மீதிப் பேப்பரை அவன் வீணாக்கக் கூடாது, தினம் ஒன்றாவது போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் தூறல். விஜயகுமாரி வேலைகளை முடித்துவிட்டு வந்து, பரீட்சை அட்டையைத் தன் மடிமேல் வைத்தாள். புதுப் பேப்பர் ஒன்றை எடுத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினாள். அவனுக்காக இல்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் அவன் கையைப் பிடித்து இழுத்தவள், இப்போது தனியாக பச்சையும் மஞ்சளும் கலந்து கீழிருந்து மேலாகக் கோடுகள் இழுத்தாள். சவுக்கா, சோளமா என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

கழுவும் டம்ளர் சீக்கிரமே கலங்கிவிட்டது. அவள் பிரஷ்ஷை அதில் விட்டு எடுத்து முகத்தைச் சுளித்தாள். திரும்பிப் பார்க்காமலே டம்ளரைப் பின்னால் நகர்த்தினாள்.

"தண்ணி மாத்து."

பல நாளைக்குப் பிறகு அவனிடம் அவள் சொன்ன முதல் வேலை. செங்கல்வராயன் கட்டிலைவிட்டு எழுந்தான். இடது கை முன்னால் போனது. அதை இழுத்துக்கொண்டு, வலது கையால் டம்ளரைப் பிடித்தான். வாசலில் கலங்கல் தண்ணீரை ஊற்றிவிட்டு, குடத்தைச் சாய்த்து நிரப்பினான். திரும்பி வரும்போது மணிக்கட்டு ஆடியது. வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்து, அவள் பக்கத்தில் வைத்தபோது அடியில்தான் தண்ணீர் இருந்தது.

அவள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். தரையில் கிடந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜமாவே கொட்டிச்சா? இல்ல, கொட்னியா?"

"நெஜமாதான் விஜயா."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைத் தராசுமுன் நிற்கிறவள் எடைக்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவன் கையை மறைக்காமல், நடுங்க நடுங்க, அப்படியே அவள் முன்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

"போயி ரொப்பினு வா" என்று சொல்லிவிட்டு அவள் பேப்பர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னொரு வாட்டி பாக்கறேன்."

அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தான்.